இடது மரை

“ஏலே டிக்சா, இங்கன வந்து பாரு, கம்பெனிக்காரன் பண்ணி வச்சிருக்க கூத்தை” என்று பாண்டித்துரை கூப்பிட்டபோது அவர் குரலில் இருந்தது சந்தோஷம்தான். பிற்பாடு அதை யாரும் நம்பவில்லை.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே, ஐஸ் உடைக்கிற இடத்தை ஒட்டி அவருடைய லேத்துப் பட்டறை. விசைப்படகின் தண்டு வளைந்தாலும் புஷ் தேய்ந்தாலும் புரொப்பல்லர் நட்டு கடித்துக்கொண்டாலும் அவரிடம்தான் வரும். பாண்டித்துரை மரை போட்டால் கடலே வந்து திருகினாலும் கழலாது என்பார்கள் படகுக்காரர்கள். டிக்சனும் படகுக்காரர்தான், சொந்தமாக லாஞ்சு வைத்திருப்பவர். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து இரண்டு பேருக்கும் வாடா போடா பழக்கம்.

அன்றைக்குப் பட்டறை மேசைமேல் கிடந்தது படகுச் சாமான் இல்லை. மகள் வேல்விழியின் பந்தய சைக்கிள். இடது பெடலைக் கழற்றிவிட்டு, அது மாட்டிச் சுற்றுகிற தண்டான கிராங்கின் துளைக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார் பாண்டித்துரை. அலுமினியக் கிராங்க். உள்ளேயிருந்த மரை நைந்து மாவாகக் கொட்டியது.

“மரை போச்சுல்லா” என்றார் டிக்சன்.

“ஏன் போச்சு? அதச் சொல்லு.”

“பிராக்டீசுக்கு பஸ்ல ஏத்தும்போது அந்தக் கோச்சு ஜாபேஸ் சார் பெடலைக் கழத்தியிருப்பாரு. திரும்ப மாட்டையில கையால முடுக்கி விட்டிருப்பாரு. லூசா ஓட்டினா நையாதா?”

“அது சின்னக் காரணம். பெரிய காரணம் இந்தா இருக்கு. எதிர் மரை போட்டு வச்சிருக்கான்டே. ஊர்ல எல்லா மரையும் வலப்பக்கம் திருகினா இறுகும், இது இடப்பக்கம் திருகினாத்தான் இறுகுது. சரி, இந்தக் கிராங்கு ஓடையில எந்தப் பக்கம் சுத்துது? இங்கன நின்னு பாரு. இடப்பக்கம். சுத்துத பக்கமே இறுகுத மாதிரி எவனாவது மரை போடுவானா? புரொப்பல்லர் நட்டுக்கு நாம என்ன செய்யுதோம்?”

“சுத்துததுக்கு எதிராப் போடுதோம்.”

“ஏன்?”

“தண்ணி பிடிச்சு இழுக்கும். எதிரா இருந்தாத்தான் இழுக்க இழுக்க இறுகும். எனக்கே பாடம் நடத்துதியா? நட்டு கழண்டு நடுக்கடல்ல நின்னவன் நான்.”

“அந்த மாதிரிதான் இந்தப் பிள்ளைக்கும் நடுரோட்டுல ஆயிருக்கும். கம்பெனிக்காரன் தலைகீழாப் போட்டிருக்கான்.”

டிக்சன் தலையைச் சொறிந்தார். “ஊர்ல ஓடுத சைக்கிள் பூரா அப்படித்தான் இருக்கோ என்னவோ. எதுக்கும் பாலகணேஷ் சைக்கிள் கடையில ஒரு வார்த்த கேட்டுக்கோயேன்.”

“பஞ்சர் ஒட்டுதவன்ட்டப் போயி நான் மரை கேக்கணுமாக்கும்.”

“கேட்டா உன் கிரீடம் எறங்கிருமோ?”

“எறங்கும்டே” என்று சிரித்தார் பாண்டித்துரை.

அவர் கேட்கவில்லை. நைந்த துளையைப் பெரிதாகக் குடைந்து, வெண்கலத்தில் ஒரு புஷ், அதாவது உள்வளையம், கடைந்து உள்ளே இறுக்கினார். பெடலின் பழைய அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, படகுத் தண்டுக்கு வாங்கி வைத்திருந்த துருப்பிடிக்காத எஃகில் புது அச்சு கடைந்தார். இரண்டிலும் எதிர் மரையை எடுத்துவிட்டு, எல்லா இடத்திலும் இருக்கிற மாதிரி நேர் மரை போட்டார். கிரீஸ் தடவி, நீளக் கைப்பிடி ஸ்பேனரால் முடுக்கி, தானே ஏறி துறைமுக வாசல்வரை ஓட்டிப் பார்த்தார். அசையவில்லை. வலது பெடலில் நேர் மரைதான், ஆனால் அதுவும் சுற்றுகிற பக்கமே இறுகியதால் அவர் கணக்கில் அங்கேயும் இதே தப்புதான். அந்தப் பக்கம் மரை இன்னும் நையாததால், தேர்வுப் பந்தயம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்.

அந்தத் தேர்வுதான் அந்த வீட்டின் சண்டை. வேல்விழிக்கு அரசாங்க விளையாட்டு விடுதியில் சேர வேண்டும். சேர்ந்தால் வெளியூரில் தங்கி, அங்கேயே படித்து, அங்கேயே சைக்கிள் ஓட்டலாம். பொட்டப்பிள்ளையை ஊர்விட்டு ஊர் அனுப்ப மாட்டேன் என்று பாண்டித்துரை ஒற்றைக் காலில் நின்றார். போன வருடம் தேர்வுக்கு முந்தின நாள் சைக்கிளைப் பட்டறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவர் அவர். பிள்ளை அழுதது, சாப்பிடாமல் கிடந்தது, எழுந்தது, மறுபடி ஓட்டத் தொடங்கியது. இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும்.

“எத்தன வருசத்துக்குத்தான் பூட்டி வைப்பிய?” என்று கேட்டாள் மனைவி இசக்கியம்மாள், சைக்கிள் பட்டறைக்கு வருவதற்குச் சில நாள் முந்தி. “காத்தப் பூட்டின மாதிரிதான்.”

இரண்டு மூன்று நாள் கழித்து அவர் மகளிடம், “சைக்கிளப் பட்டறைக்குக் கொண்டாளா, ஓவராயில் பண்ணித் தாரேன்” என்றார். சரி, போய்வா என்று வாயால் சொல்ல அவருக்கு வராது. அதைத்தான் அப்படிச் சொன்னார்.

வேல்விழி தயங்கினாள். “வேண்டாம்ப்பா. பாலகணேஷ் அண்ணன் பாத்துக்கிடுவாங்க.”

இசக்கியம்மாள்தான் இடையில் புகுந்தாள். “குடுளா. அப்பா ஆசையாக் கேக்காவள்லா.”

தேர்வு சாயர்புரம் போகிற சாலையில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, லாரி குறைவான நேரம். பாண்டித்துரையும் இசக்கியம்மாளும் திரும்பி வருகிற பாதையில், வேப்பமர நிழலில் நின்றார்கள். தூரத்தில் பிள்ளைகள் கூட்டமாகத் தெரிந்தபோது வேல்விழி முன்னால் இருந்தாள்.

“அந்தா உங்க மக” என்றாள் இசக்கியம்மாள். “பாருங்க, பாருங்க.”

பார்த்துக்கொண்டே இருக்கும்போதுதான் அவளுடைய இடது கால் வெற்றிடத்தில் இறங்கியது. சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிள்ளை தோளோடு தாரில் விழுந்து உருண்டாள். பின்னால் வந்தவர்கள் விலகி விலகிப் போனார்கள். ஒருத்திகூட நிற்கவில்லை, நிற்கவும் முடியாது.

இருவரும் ஓடிப்போனார்கள். வேல்விழி சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். அதை அவள் பார்க்கவில்லை. வார் போட்டுக் கட்டிய பெடல் இன்னும் அவள் இடது காலிலேயே இருந்தது. அதன் முனையில் புது அச்சு, ஒரு மரைகூட நையாமல், வெயிலில் பளபளத்தது. உடையவில்லை. தானாகத் திருகிக்கொண்டு வெளியே வந்திருந்தது.

பாண்டித்துரை குனிந்து வாரை அவிழ்க்கப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“கை வைக்காதீங்க.”

“மக்கா, அடி பலமா? அப்பா பாக்குதேன்...”

“போன வருசம் பூட்டி வச்சிய. இந்த வருசம் பூட்ட முடியல. அதான் இப்படிப் பண்ணிட்டிய.”

“ஏளா” என்று இசக்கியம்மாள் அதட்டினாள்.

பயிற்சி கொடுத்த ஜாபேஸ் சார் அதிகாரிகளிடம் போய் மன்றாடிப் பார்த்தார். சைக்கிள் பழுதானால் மறுபடி ஓட்டவிடுகிற வழக்கம் இல்லையாம். திரும்பி வந்தவர் பெடலைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“இந்த அச்ச யாரு செஞ்சது?”

“நான்தான் சார்.”

“இடது பெடலுக்கு எப்பவும் எதிர் மரைல்லா அண்ணாச்சி” என்றார் அவர். அவருக்குப் பாண்டித்துரையின் தொழில் தெரியும். வேறு எதுவும் கேட்காமல், பெடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முகத்தையும் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பாண்டித்துரை கிராங்கையும் பெடலையும் தூக்கிக்கொண்டு பாலகணேஷ் சைக்கிள் கடைக்குப் போனார். போக மறுத்த அதே கடை.

“ஏன்டே எதிர் மரை? எனக்கு விளக்கிச் சொல்லு.”

“ஏன்னெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. இடது பக்கம் எதிர் மரை. அவ்வளவுதான். கடைக்கு வந்த மொத நாளே எங்க மொதலாளி சொன்னாவ.” பாலகணேஷ் புஷ்ஷை விரலால் தடவிப் பார்த்தான். “என்னமா கடஞ்சிருக்கிய. இவ்வளவு தெரிஞ்சவுக, இதத் தெரியாமலா போட்டிய?”

“தெரியாமத்தான்டே போட்டேன். அத எம்மககிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுதியா?”

பாலகணேஷ் நல்ல பையன், வந்தான். வாசலில் நின்றபடி வேல்விழியிடம் சொன்னான்: “அப்பாவுக்குத் தெரியாதாம்மா. சைக்கிள் கடைப் பக்கமே அவுக வந்ததில்லல்லா.”

“பழைய அச்சுல எதிர் மரை இருந்துச்சுல்லாண்ணே?” என்று கேட்டாள் அவள்.

“இருந்திருக்கும்.”

“அதக் கழத்தும்போது இவுக பாத்திருப்பாகள்லா?”

“பாத்திருப்பாவ.”

“பாத்துட்டு, அத எடுத்துட்டு, மெனக்கெட்டுப் புதுசா கடஞ்சு, கழலுத மாதிரிப் போட்டிருக்காக. தெரியாமப் பண்ணுதவங்க இருக்கத அப்படியே மாட்டுவாங்களா, இல்ல மாத்துவாங்களா? நீங்களே சொல்லுங்கண்ணே.”

“நான் வாரேன் அண்ணாச்சி” என்று பாலகணேஷ் நழுவினான்.

அடுத்து டிக்சன் வந்தார். வந்தவர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, “நான் அன்னைக்கே சொன்னேன் மக்கா, கடையில ஒரு வார்த்த கேளுன்னு. உங்கப்பனுக்குத் தலைக்கனம், கேக்கல” என்றார்.

“மாமா சொல்லியும் கேக்கலயா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள் வேல்விழி. அதோடு டிக்சன் வந்த காரியம் கெட்டது.

பாண்டித்துரை பட்டறையில் வேலை ஓடாமல் கிடந்தார். ஒரு நாள் மத்தியானம், பெரிய வளையம் ஒன்றுக்குள் சின்ன போல்ட்டை விட்டு, ஓரத்தோடு அழுத்தி அழுத்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த மர்மம் பிடிபட்டது. போல்ட்டை வளையத்தின் உள்சுவரோடு அழுத்தி வலப்பக்கமாகச் சுற்றி வந்தால், போல்ட்டு தன்னளவில் இடப்பக்கமாக உருள்கிறது. கால் அமுக்குகிற பாரமும் கிராங்குத் துளைக்குள் பெடல் அச்சை அப்படித்தான் உருட்டுகிறது. கண்ணுக்கே தெரியாத அளவு, ஆனால் மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும். இடப்பக்கம் உருண்டால் எதிர் மரை இறுகும், நேர் மரை கழலும். புரொப்பல்லரைத் தண்ணீர் பிடித்து இழுக்கும். பெடலை யாரும் இழுப்பதில்லை, அமுக்குகிறார்கள். அங்கே சரியாக இருக்கிற கணக்கு இங்கே தலைகீழ். கம்பெனிக்காரன் சரியாகத்தான் போட்டிருந்தான்.

வளையத்தையும் போல்ட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மகள் முன்னால் தரையில் உட்கார்ந்து செய்து காட்டினார். “இந்தா பாரு மக்கா, நான் எங்க தப்புப் பண்ணினேன்னா, இது இழுக்குத வேலைன்னு நினச்சிட்டேன். இது உருளுத வேலை. பாத்தியா, எப்படி உருளுதுன்னு? எவ்வளவு நுணுக்கமா யோசிச்சிருக்கான் பாரு!”

வேல்விழி போல்ட்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

“உங்களுக்குச் சந்தோசமா இருக்காப்பா?”

அவர் கை அப்படியே நின்றது. போல்ட்டு வளையத்துக்குள் சாய்ந்தது.

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. “அம்மா, அவுக வந்துட்டாக, சோறு வைக்கணுமாம்” என்று அவர் முன்னாலேயே அம்மாவிடம் சொல்வாள். சைக்கிளை ஒரு பழைய சேலையால் மூடி வைத்தாள். சாயங்காலம் ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

கேள்வி கேட்காமல் அவரை நம்பிய ஒரே ஆள் இசக்கியம்மாள். நம்பியது மட்டுமில்லை, ஊர் வாயோடெல்லாம் மல்லுக்கு நின்றாள். அவளுடைய அண்ணன் பேச்சிமுத்து, ஆறுமுகநேரியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், “மாப்பிள்ள காரியக்காரர்தான். சத்தமில்லாம முடிச்சிட்டாரு” என்று சிரித்தபோது, வைத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

“எம்புருசன் வாய் கெட்ட மனுசன், பிடிவாதம் பிடிச்ச மனுசன், எல்லாம் சரி. பெத்த பிள்ள விழும்னு தெரிஞ்சு ஒரு மரையப் போடுத ஆளில்ல. இனிமே உன் வாசல மிதிச்சா ஏன்னு கேளு” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்ததாக, வந்த பிறகு அவரிடம் மூச்சு வாங்கச் சொன்னாள். பாண்டித்துரைக்குச் சாப்பிடத் தோன்றிய நாள் அது ஒன்றுதான்.

மகளிடமும் அவள் சும்மா இருக்கவில்லை. “கொடுக்கச் சொன்னது நானுல்லா? அப்ப என்னையும் சேத்துச் சொல்லு, ரெண்டு பேரும் கூடிப் பேசித்தான் பண்ணினோம்னு” என்பாள். வேல்விழி, “உனக்குத் தெரியாதும்மா” என்பாள். அதற்கு மேல் ஓடாது.

ஆடி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. விளமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாண்டித்துரை கூடத்தில் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வேல்விழி உள்ளேயிருந்து வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை மெலிந்து போயிருந்தாள்.

“அப்பா.”

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ காலம் ஆன மாதிரி இருந்தது. “சொல்லு மக்கா” என்றார்.

“நான் நெறைய யோசிச்சுப் பாத்தேன். என்னைய வெளியூருக்கு அனுப்ப உங்களுக்குப் பயம். அது எனக்குப் புரியுது. பயத்துல யாரும் என்னவும் செய்வாங்க. நீங்க செஞ்சத நான் மன்னிச்சிருவேன்ப்பா. நெசமாவே. எனக்கும் இப்படி இருக்க முடியல.”

“நான்...”

“இருங்க. நீங்க புரொப்பல்லருங்கிய, போல்ட்டுங்கிய, வளையங்கிய. அதத்தான் தாங்க முடியல. என்னையப் பிடிச்சுத் தள்ளிட்டு, தள்ளவே இல்லன்னு கணக்குப் போட்டுக் காட்டுத மாதிரி இருக்கு. வேணும்னேதான் செஞ்சேன்னு ஒரே ஒரு தடவ சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் இதப் பேசவே மாட்டேன். முன்ன மாதிரி இருந்துருவேன்.”

அடுக்களையிலிருந்து இசக்கியம்மாளின் குரல் வந்தது. “ஏளா, என்ன பேச்சுப் பேசுத நீ? செய்யாதத எதுக்கு அவுக ஒத்துக்கிடணும்?”

பாண்டித்துரை மகளைப் பார்த்தார். கோபத்தைத் தேடிப் பார்த்தார், இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. சின்ன வயதில் கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்கும்போது இருக்குமே, அது. இல்லை என்று இன்னொரு தடவை சொன்னால் இந்த முகமும் மூடிக்கொள்ளும். இனி எந்தக் காலத்திலும் திறக்காது. உண்மையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் அவர் என்ன கண்டார்? அதை யாருக்கும் காட்ட முடியவில்லை. காட்டக் காட்ட அது பொய்யாகிக்கொண்டே போனது.

“ஆமா” என்றார்.

“என்னப்பா?”

“வேணும்னேதான் செஞ்சேன்.”

வேல்விழி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெரிய பாரம் இறங்கிய அழுகை. “இப்பவாவது சொன்னியளே” என்றாள். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லாப்பா.” மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தனக்கும் ஒரு தட்டு எடுத்து வந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். “அம்மா, எனக்கும் சோறு கொண்டா.”

இசக்கியம்மாள் அடுக்களை நிலையில் நின்றுகொண்டிருந்தாள். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டுவதை அவள் கவனிக்கவில்லை.

“எங்கிட்டயுந்தான் இதச் சொல்லுதியளா?” என்று கேட்டாள்.

பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அவருடைய முழங்கை அவள் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது, அந்தப் புண் ஆறின இடத்தில். பாண்டித்துரை தட்டைப் பார்த்தபடி இருந்தார்.

“எங்கண்ணங்கூட இல்லாததும் பொல்லாததும் பேசிட்டு வந்தேன்” என்றாள் இசக்கியம்மாள், யாரிடம் என்றில்லாமல். “குடுளா குடுளான்னு நான்தான் பிடுங்கிக் குடுத்தேன்.”

“விடும்மா” என்றாள் வேல்விழி. “அப்பாதான் சொல்லிட்டாகள்லா.”

இசக்கியம்மாள் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். மகளுக்கு மீன் போட்டாள். அவருக்கும் போட்டாள். வேல்விழி தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். “முள்ளு இல்லாத துண்டுப்பா, சாப்பிடுங்க.” குரல் பழைய குரலாகவே இருந்தது. அடுத்த மாசம் காலேஜில் சேருவது பற்றி, பஸ் பாஸ் பற்றி, எதையெதையோ சொன்னாள். அவர் உம் கொட்டினார்.

தண்ணீர்ப் பானை காலியாக இருந்ததால் வேல்விழி செம்பை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். அவள் போனதும் பாண்டித்துரை எட்டி மனைவியின் கையைப் பிடித்தார்.

“இசக்கி. அது நெசமில்ல. பிள்ளைக்காகச் சொன்னேன்.”

அவள் கையை உருவவில்லை. அவரை நெடுநேரம் பார்த்தாள், பழக்கப்பட்ட சாமானில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

“எது நெசமில்லங்க?” என்றாள் மெதுவாக. “இப்பச் சொன்னதா, இம்புட்டு நாளாச் சொன்னதா?”

அவர் வாயைத் திறந்தார். பின்வாசலில் குழாய் நிற்கிற சத்தமும், செம்போடு பிள்ளை திரும்பி வருகிற காலடியும் கேட்டன. கையை விட்டார்.

“குழம்பு நல்லாருக்கு” என்றார்.